அகல டிவியில் உன் அப்பா

சாமி,

டிவி வந்துவிட்டது. நீ சொன்ன மாதிரியே பெரிசு, முதுகு இல்லாமல் தட்டையாக இருக்கிற வகை. கடிதம் என்றால் நல்லாயிருக்கிறாயா என்று கேட்டு ஆரம்பிக்க வேண்டும். அப்பா போன பிறகு போனில் நான் அப்படிக் கேட்கும்போதெல்லாம் நீ "ம்" என்று முடித்துவிடுகிறாய். காகிதத்தில் அந்த "ம்" எனக்குக் கேட்காது என்பதால் தைரியமாகக் கேட்கிறேன். நல்லாயிருக்கிறாயா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? அஞ்சாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன், எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள். அப்பாவின் தலைத்திவசத்துக்கு நீ வந்து இறங்குவதற்குள் இது உன் கைக்குக் கிடைக்க வேண்டும். வந்ததும் பையைக்கூட கீழே வைக்காமல் உன் தங்கச்சியின் கல்யாண சிடியைப் போடச் சொல்வாய் என்று தெரியும். போடுவதற்கு முன்னால் ஒரு விஷயம் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது.

அப்பாவுக்குக் குடலில் கட்டி என்று திருச்சி ஆஸ்பத்திரியில் சொன்னபோது நீ சிங்கப்பூரில் இருந்தாய். உன்னிடம் சொல்லக்கூடாது என்று அன்றைக்கே, திரும்பி வரும் பஸ்ஸிலேயே, என்னிடம் சத்தியம் வாங்கினார். "கேட்டா ஓடியாந்துருவான். வேலையும் போவும், நானும் போவேன். ஒண்ணாவது மிஞ்சட்டும்" என்றார். உன் தங்கச்சி கல்யாணத்தை அவசரமாக முடித்தது அதற்காகத்தான். அதற்கும் உனக்கு லீவு கிடைக்கவில்லை. அப்புறம் நீ வந்து சேர்ந்தபோது சுடுகாட்டில் சாம்பல் ஆறியிருந்தது. உன் தங்கச்சி அழுகையோடு அழுகையாக எல்லாவற்றையும் உன்னிடம் கொட்டினாள். நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய், சாமி. அந்தப் பார்வையை நான் இன்னும் தாண்டி வரவில்லை. மன்னிப்புக் கேட்டு இந்தக் கடிதத்தை எழுதுகிறேன் என்று நினைக்காதே. அவர் கேட்டார், நான் செய்தேன். இன்னொரு தடவை கேட்டாலும் செய்வேன். நீ கோபப்படுவதும் நியாயம்தான். இரண்டும் ஒரே வீட்டில் இருக்கட்டும்.

வீடியோக்காரர் இழுத்தடித்து சிடி கொடுத்ததும் உனக்குப் போன் பண்ணினேன். அன்றைக்குத்தான் நீ "ம்" தவிர வேறு பேசினாய். "அதுல அப்பா இருக்காரா?" என்றாய். இருக்கிறார் என்றேன். "எப்படி இருக்காரு?" என்றாய். நான் பேச்சைப் பந்தியின் பக்கம் திருப்பினேன். "அவரு எவ்ளோ கெட்டுப் போயிருந்தார்னு நானே பாக்கணும். நம்ம பொட்டி டிவில மொகம் கடுகாட்டம் சின்னதா தெரியும். பெரிசா, எச்டி டிவியா வாங்கி வை. பணம் அனுப்புறேன். அதைப் பாத்துட்டுதான் இனிமே இந்த வூட்டுக்கு வரதா வேணாமான்னு சொல்லுவேன்" என்று வைத்துவிட்டாய். பிள்ளை டிவி வாங்கச் சொல்லிப் பணம் அனுப்பினால் எந்தத் தாய்க்கும் சந்தோஷமாக இருக்கும். எனக்குக் கோர்ட்டில் இருந்து ஆள் வந்து கூப்பிட்ட மாதிரி இருந்தது.

கல்யாணப் போட்டோவில் அப்பாவை நீ பார்த்திருக்க மாட்டாய். எல்லாவற்றையும் உனக்கு அனுப்புவோம் என்று தெரிந்து, போட்டோவுக்குக் கூப்பிட்டால் பந்தியைக் கவனிக்கிற சாக்கில் நழுவிவிடுவார். தாரை வார்க்கும்போது நின்றுதானே ஆகவேண்டும், அப்போது தலையைக் கவிழ்த்துக்கொண்டார். போட்டோவில் அவருடைய தலைப்பாகைதான் விழுந்திருக்கிறது. நீ முன்னால் லீவில் வந்தபோது வாங்கிக் கொடுத்த அந்தச் சந்தனக் கலர் சட்டையைத்தான் போடுவேன் என்று அடம்பிடித்தார். அது அவர் தோளில் இருந்து துணிக்கொடியில் தொங்குகிற மாதிரி தொங்கியது. நான் முதுகுப் பக்கம் மடித்து ஊக்குக் குத்திவிட்டேன். மண்டபத்தில் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

டிவி வாங்கப் போகிறேன் என்றதும் உன் அத்தை வாசலில் நின்று கத்தியது தெரு முழுக்கக் கேட்டது. "எந்தம்பி போயி இன்னும் வருஷம் திரும்பல. அதுக்குள்ள சினிமாக் கொட்டாய் கேக்குதா உனக்கு?" நான், "எனக்குக் கேக்கல அண்ணி, உங்க மருமவன் கேக்குறான்" என்றேன். உன் பேரைச் சொன்னதும் அடங்கிவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவரே வந்தார். "துக்க வூட்டுக்காரி கையால புதுச் சாமான் உள்ள வரக்கூடாது. நானும் வரேன். எங்கையால வாங்குனதா இருக்கட்டும்" என்றார். சம்பிரதாயத்துக்குச் சம்பிரதாயமும் ஆச்சு, டவுனுக்குப் போன மாதிரியும் ஆச்சு. உன் அத்தை எப்பவும் அப்படித்தானே.

முதலில் பெரம்பலூரில் ஏறி இறங்கினோம். பெரிய டிவி என்று கேட்டால் முக்கால்வாசிக் கடையில் இரண்டாள் சேர்ந்து தூக்கவேண்டிய பழைய வகையைத்தான் காட்டினார்கள். ஒரு கடையில் மட்டும் நீ சொன்ன தட்டை டிவி இரண்டு இருந்தது. ஒன்று பெயர் தெரிந்த கம்பெனி. அதன் விலைக்கு ஒரு பழைய டிராக்டரையே வாங்கிவிடலாம் போல இருந்தது. இன்னொன்று யாரும் கேள்விப்படாத பெயர், நம் கைக்கு எட்டுகிற விலை. இரண்டிலும் கடலுக்குள் மீன் நீந்தியது. மீனின் செதில் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. உன் அத்தை கொஞ்ச நேரம் வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, "எவ்ளோ நேரந்தான் மீனையே பாக்குறது? கொழம்பா வைக்கப் போறோம்?" என்றார். என் பையில் இருந்த சிடியை எடுத்து, "இதைப் போட்டுக் காட்டுங்க தம்பி" என்றேன். கடைக்காரர் கையில் வாங்கவே இல்லை. "வெளி சிடியெல்லாம் போடமாட்டோம்மா. எல்லாத்துலயும் இப்படித்தான் தெரியும், நம்பி வாங்குங்க" என்றார். சாமி, உனக்கு அம்மா ஒன்று சொல்கிறேன், நீ நாளைக்குக் குடும்பம் நடத்துகிறவன். கடைக்காரன் காட்டுகிற மீனைப் பார்த்து எதையும் வாங்காதே. நம் வீட்டுச் சங்கதியை அதில் போட்டுப் பார்த்து வாங்கு. பெண் பார்க்கப் போனாலும் இதைத்தான் சொல்வேன்.

அங்கேயிருந்து அரியலூருக்குப் பஸ் ஏறினோம். சுண்ணாம்புக்கல் லாரி முன்னால் போய் வெள்ளைத் தூசியை முகத்தில் அடித்துக்கொண்டே வந்தது. உன் தங்கச்சி பஸ் ஸ்டாண்டில் வந்து காத்திருந்து, பக்கத்துக் கடைக்கு அழைத்துப் போனாள். அங்கேயும் அதே பெயர் தெரியாத கம்பெனி டிவி, விலை இன்னும் கொஞ்சம் இறக்கம். கடைப் பையன் இல்லை, முதலாளியே நின்று காட்டினார். "சாரும் வந்திருந்தா பாத்து முடிவு பண்ணிருக்கலாமே" என்றார். என் வெறும் நெற்றியைப் பார்த்துவிட்டு அவர் சட்டென்று டிவியின் பக்கம் திரும்பிக்கொண்டார். "இது எச்டி ரெடிம்மா" என்றார். "ரெடின்னா எப்ப வரும்?" என்றார் உன் அத்தை. "டிவி ரெடியா இருக்கு. அந்தப் படம் கேபிள்ல இன்னும் வரல. இனிமே வரும்." "வரது வரப்ப வரட்டும், இருக்கறதக் காட்டுய்யா" என்று உன் அத்தை என் கையில் இருந்த சிடியைப் பிடுங்கி அவரிடம் நீட்டிவிட்டார்.

சாமி, அந்த இடத்தில் சிடியைத் திரும்ப வாங்கிவிடலாமா என்று இருந்தது எனக்கு. நம் பெட்டி டிவியில் நான் அந்த சிடியை ஒரே தடவைதான் போட்டேன். அதிலேயே அவர் கன்னம் குழி விழுந்து தெரிந்தது. பாதியில் நிறுத்திவிட்டேன். இவ்வளவு பெரிசில் அந்தக் குழி எவ்வளவு பெரிசாகத் தெரியும்? உன் அத்தை அதைப் பார்த்தால் தாங்குவாரா? நீ பார்த்தால்? படம் ஓடியது. மாலை, மேளம், மணவறை. பந்தியில் வீடியோக்காரர் திரும்பினார். தூண் பக்கத்தில் அப்பா.

கன்னம் நிறைந்து இருந்தார். கழுத்து நிறைந்து இருந்தது. நான் ஊக்குக் குத்தி இழுத்த சட்டை, தைத்து வாங்கின மாதிரி நெஞ்சோடு பொருந்தி நின்றது. நீ பிளேன் ஏறின அன்றைக்கு எப்படி இருந்தாரோ அப்படி இருந்தார். பந்தியில் வாளி தூக்கிப் போகிறவரிடம் அந்த இலைக்கு வை என்று கை காட்டுகிறார். அந்தக் கையும் கனத்துத்தான் இருந்தது. உன் அத்தை டிவியின் கிட்டே போய்க் கண்ணாடியைத் தொட்டார். "எந்தம்பி தேறிட்டான்டி" என்றார். கடை என்றும் பார்க்கவில்லை, சத்தம் போட்டு அழுதார். "பாருடி, தேறிட்டான்டி."

முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. படத்தில் குற்றம் சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டார். "அது ஒண்ணுமில்லம்மா. உங்க படம் பழைய அளவு, இந்த டிவி அகலம் ஜாஸ்தி. அதனால படத்தை ரெண்டு பக்கமும் இழுத்துக் காட்டுது. எல்லாருமே குண்டாத் தெரியுறாங்க, பொண்ணையே பாருங்களேன். இப்ப சரி பண்ணிடறேன்" என்று ரிமோட்டை அழுத்தினார். இரண்டு ஓரத்திலும் கறுப்புப் பட்டை விழுந்தது. நடுவில் அப்பா அப்படியே வற்றிப் போய் நின்றார். கண் உள்ளே போய், சட்டை தோளில் தொங்கி. உன் அத்தை போட்ட சத்தத்தில் ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். "கைய எடுய்யா! மாத்தாதே! முன்ன இருந்த மாதிரி வையி!" அவர் பயந்து போய்த் திரும்ப அழுத்தினார். அப்பா மறுபடியும் நிறைந்தார். அப்போது பார்த்து, பட்டுப்புடவையில் உன் அத்தையே திரையின் பாதியை அடைத்துக்கொண்டு குறுக்கே போனார். "நானா அது?" என்று ஒரு நிமிஷம் திகைத்து நின்றவர் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நான் எப்படி வேணா இருந்துட்டுப் போறேன். இதையே கட்டுங்க. அந்த அகலம் மாறாம கட்டுங்க" என்றார்.

டிவியை நம் வீட்டில் கொண்டுவந்து மாட்டிய அன்றைக்கே சண்டை ஆரம்பித்தது. உன் அத்தை சொன்னார்: "மருமவன் இப்படியே பாக்கட்டும். அப்பா நல்லாத்தான் இருந்திருக்காரு, சட்டுனு போயிட்டாருன்னு நினைச்சிக்குவான். உம்மேல இருக்கற கோவமும் தணிஞ்சிரும்." உன் தங்கச்சி எகிறினாள். "ஒருதடவை மறைச்சதுக்கே அண்ணன் பேச மாட்டேங்குது. மறுபடியும் மறைக்கப் போறீங்களா? அதுக்கு இந்த டிவி தெரியாதா? வந்த ஒடனே ரிமோட்ட எடுத்துச் சரி பண்ணிரும். அப்ப மொகத்த எங்க வச்சிக்குவீங்க?" இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு இரண்டும் சரியாகத்தான் பட்டது. உன் அத்தை ரிமோட்டில் அகலத்தை மாற்றுகிற பொத்தானின் மேல் தெரியாதவர்கள் கை படக்கூடாது என்று அடையாளம் வைக்கச் சொன்னார். அலமாரிக்குள் நான் இனிமேல் தொடாத ஸ்டிக்கர் பொட்டு அட்டை கிடந்தது. அதில் ஒன்றை எடுத்துப் பொத்தானின் மேல் ஒட்டினேன்.

உனக்கு ஒன்று ஞாபகம் இருக்கிறதா? நீ சின்னவனாக இருந்தபோது, கரும்புப் பணம் வந்து, அந்தப் பெட்டி டிவி வாங்கின புதிது. கேபிள் நம் தெருவுக்கு வராத காலம். அப்பா மொட்டைமாடியில் ஏறி ஆன்டெனாவைத் திருப்புவார். நீ கீழே டிவி முன்னால் உட்கார்ந்து, தெரியுது, தெரியல என்று கத்துவாய். ஒருநாள் திருப்பிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது, மின்னல் வேறு. "இப்ப எப்படிடா?" என்று மேலே இருந்து கேட்டார். டிவியில் ஒரே புள்ளி, உப்பைக் கொட்டின மாதிரி. நீ, "நல்லாத் தெரியுதுப்பா, எறங்கி வாங்க" என்றாய். அடுப்படியில் இருந்து நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் நனைந்து இறங்கி வந்தார். புள்ளியைப் பார்த்தார். உன்னைப் பார்த்தார். துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு உன் பக்கத்தில் உட்கார்ந்து, புள்ளியையே படம் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். சத்தியம் வாங்கின பஸ்ஸில் அவர் எனக்கு இதைத்தான் சொன்னார். "அவன் என்னை மழைல நனைய விடாம எறக்குனான்ல. நானும் அவனை நனைய விட மாட்டேன்" என்றார். உன் மேல் பழி போடுவதற்காக இதை எழுதவில்லை. யாரிடம் இருந்து கற்றுக்கொண்டார் என்று உனக்குத் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அப்படியானால் அத்தை சொன்ன மாதிரி அகலமாகவே விட்டுவிடலாமே என்று நீ கேட்கலாம். நானும் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். அத்தையும் தங்கச்சியும் அவரவர் வீட்டுக்குப் போன பிறகு, தனியாக உட்கார்ந்து தினமும் அந்தப் பந்தி இடத்தைப் போட்டுப் பார்த்தேன். அப்பா எதிரில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். கையில் சோற்றுத் தட்டோடு உட்காருவேன், உள்ளேயும் இறங்கும். அதில் ஒரு இடம் வருகிறது. வீடியோக்காரர் கிட்டே போகிறார். அப்பா அவரிடம், "இது சிங்கப்பூருக்குப் போவுமா தம்பி?" என்று கேட்கிறார். போகும் என்கிறார் அவர். உடனே அப்பா தூணை விட்டுவிட்டுச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிற்கிறார். அகலத்தில் பார்த்தால் ஒரு ஆள் சும்மா நிற்கிறார், அவ்வளவுதான்.

ஒருநாள் சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டு வந்து உட்கார்ந்தேன். என்னவோ தோன்றியது. பொட்டு ஒட்டின பொத்தானை அழுத்தினேன். கறுப்புப் பட்டை விழுந்தது. கண்ணை மூடவில்லை. அதே இடத்தைத் திரும்பப் போட்டேன். இந்த டிவி தெளிவு என்றார்களே, அன்றைக்குத்தான் அந்தத் தெளிவைப் பார்த்தேன். "போவும்" என்று வீடியோக்காரர் சொன்னதும் அப்பா மூச்சை உள்ளே இழுக்கிறார். கழுத்து நரம்பு இரண்டும் புடைக்கிறது. தூணில் இருந்து கையை எடுக்கும்போது முழங்கால் ஒருமுறை மடங்கப் பார்க்கிறது, அதை நிறுத்துகிறார். நிமிர்கிறார். வலி எவ்வளவு இருந்திருக்கும் என்று பக்கத்தில் படுத்தவளுக்குத்தான் தெரியும். அந்த வலியோடு, வீடியோக்காரர் திரும்பிப் போகிற வரைக்கும் மூச்சை விடாமல், உனக்காக நிமிர்ந்து நிற்கிறார். அகலத்தில் இது எதுவுமே தெரியவில்லை, சாமி. சதை மூடிவிட்டது. மெலிந்த உடம்பில்தான் தெரிகிறது.

அதனால்தான் எழுதுகிறேன். நான் சொல்கிற மாதிரி செய். முதலில், நாங்கள் கடையில் பார்த்த மாதிரி, உன் அத்தை தேறிட்டான் என்று அழுத மாதிரி, அகலமாக ஒருமுறை பார். உன் அத்தையையும் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொள், அவருக்கு அது வேண்டும். அப்புறம் அவர் எழுந்து போனதும் பொட்டு வைத்த பொத்தானை நீயே அழுத்து. அப்பா எவ்வளவு கெட்டுப் போயிருந்தார் என்றுதானே கேட்டாய்? பார். ஒளிக்கிறதுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் கன்னத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதே. தூணில் இருந்து கையை எடுக்கிற வரைக்கும் பார். யாருக்காக எடுத்தார் என்று பார். நான் அடுப்படியில்தான் இருப்பேன். கூப்பிட்டால் வருவேன். கூப்பிடாவிட்டாலும் இருப்பேன். பார்த்து முடித்த பிறகு இனிமேல் இந்த வீட்டுக்கு வருவதா வேண்டாமா என்று நீ முடிவு பண்ணு. எதுவாக இருந்தாலும் திவசத்தன்று நீ உட்கார்ந்து எள்ளும் தண்ணீரும் விட்டால்தான் அவருக்குப் போய்ச் சேரும். அதை மட்டும் என் மேல் இருக்கிற கோபத்தோடு சேர்த்துக் கட்டாதே.

நாளைக்கு உனக்கும் ஒரு நோவு நொடி வரலாம், வரக்கூடாது, வந்தால் உன் பிள்ளையிடம் சொல்லிவிடு. உன் பெண்டாட்டியிடம் சத்தியம் வாங்காதே. அதைச் சுமக்கிறது பொம்பளைக்குக் கஷ்டம்.

ஊருக்குக் கிளம்பும்போது எனக்கு ஒரு வேலை மட்டும் செய்துவிட்டுப் போ. அந்தப் பொத்தானை, அப்பா பழையபடி அகலமாக வந்து நிற்கிற வரைக்கும் அழுத்திவிட்டுப் போ. நீ பார்க்க வேண்டியதை அதற்குள் பார்த்திருப்பாய். நான் அந்த மெலிவைக் குளிப்பாட்டியிருக்கிறேன், தூக்கி உட்காரவைத்திருக்கிறேன், அதன் பக்கத்திலேயே படுத்திருக்கிறேன். இனிமேல் எனக்கு அந்தச் சந்தனக் கலர் சட்டை ஊக்கு இல்லாமல் நிறைந்து நின்றால் போதும்.

உன் அம்மா